பழுது பிரிண்டரில் இல்லை!

நாளைக் காலை பத்து மணிக்கு மகளுக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்து மேஜையில் அன்று மாலைதான் வாங்கி வந்த பிரிண்டர். இரண்டுக்கும் நடுவே கேபிளும் மாட்டியாகிவிட்டது. ஆனால் காகிதம் மட்டும் வெளியே வரமாட்டேன் என்கிறது. "பிரிண்டர் கிடைக்கவில்லை" என்று திரையில் ஒரே பாட்டு. மணி இரவு பதினொன்று. 90 அடிச் சாலையில் ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

தாராவி, சயன் கோலிவாடா, செம்பூர், டோம்பிவிலி என்று மும்பையில் தமிழர்கள் குடியிருக்கும் எந்தப் பகுதியிலும் நடக்கக்கூடிய சங்கதிதான் இது. வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதன் பின்னாலேயே பிரிண்டரும் வந்து சேருகிறது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் டிக்கெட், ஆதார் நகல், பள்ளிக்கூடப் படிவம், கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய சான்று என்று காகிதத்தில் எடுத்தாக வேண்டியவை குறையவே இல்லை. டைப்பிங் வேலை வாங்கி, வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்கிற குடும்பங்களும் உண்டு. அங்கே பிரிண்டர் ஒரு நாள் படுத்துக்கொண்டால் அன்றைய வரும்படி போச்சு.

இப்படிப்பட்ட நேரத்தில் மூன்று விதமான நஷ்டங்கள் காத்திருக்கின்றன. நல்ல பிரிண்டரைப் பழுது என்று நினைத்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது ஒன்று. பத்து நிமிட வேலைக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்து அழுவது இரண்டு. மூன்றாவதுதான் படுமோசம். இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு நம்பருக்குப் போன் போட்டு, பாங்கியில் கிடக்கும் சேமிப்பையே கோட்டை விடுவது!

புதிதாக மாட்டிய பிரிண்டர் கம்ப்யூட்டரோடு சேராமல் முரண்டு பிடிக்கும்போது, பெரும்பாலும் பிரிண்டரில் கோளாறு இருப்பதில்லை. கம்ப்யூட்டரிலும் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆசாமியிடம்தான் கோளாறு.

நடுவே ஒரு துபாஷி

கம்பெனிக்காரர்கள் காலத்தில் வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. இங்கிருந்த வியாபாரிக்குப் பிரெஞ்சோ இங்கிலீஷோ தெரியாது. நடுவே துபாஷி இருந்தார். புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்ததுபோல. துபாஷி வரவில்லை என்றால் அன்று வியாபாரம் இல்லை.

கம்ப்யூட்டரில் அந்த துபாஷியின் பெயர் "டிரைவர்". அது ஒரு பொருளல்ல. ஒரு சிறிய நிரல். கம்ப்யூட்டர் தன் பாஷையில் சொல்வதைப் பிரிண்டரின் பாஷைக்கு மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய வாலிபன், மராத்தி ஒரு வார்த்தை தெரியாமல் ரேஷன் ஆபீஸ் ஜன்னலில் நிற்பதை நினைத்துக்கொண்டால் போதும். அவனிடம் எல்லாத் தாள்களும் இருக்கும். உள்ளே இருப்பவரும் கொடுக்கத் தயார்தான். பேசித் தர ஆள் இல்லாததால் திரும்பி வருகிறான். பிரிண்டரின் கதையும் இதேதான்.

டைப்ரைட்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது. லோயர், ஹையர் தேறிவிட்டு, ஷார்ட்ஹாண்ட் நோட்டும் கையுமாகத் தாதர் எக்ஸ்பிரஸில் ஏறி பம்பாய் வந்த தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். ரிப்பன் மாற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் மெஷின் ஓடும். 1955-ல் முதல் இந்திய டைப்ரைட்டரைச் செய்த கோத்ரெஜ் கம்பெனி, 2009-ல் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. விசையைத் தட்டினால் எழுத்து விழும் காலம் அதோடு முடிந்தது. இப்போது விசைக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு பெரிய ஊரே இருக்கிறது.

உடல் ஒன்று, பாஷை வேறு

எல்லாப் பிரிண்டர்களுக்கும் ஒரே டிரைவர் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏன் என்பதற்கு மும்பை ஆபீஸ்களில் அதிகம் புழங்கும் இரண்டு பிரிண்டர்களையே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று எச்.பி. லேசர்ஜெட் 1020. மற்றது கேனான் எல்.பி.பி. 2900. வக்கீல் ஆபீஸ், சொசைட்டி ஆபீஸ், டைப்பிங் கடை என்று எங்கே நுழைந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம். லாமிங்டன் ரோட்டில் செகண்ட் ஹாண்டாகவும் கிடைக்கும்.

1984-ல் வந்த முதல் லேசர்ஜெட்டிலிருந்தே எச்.பி.யின் பிரிண்டர்களுக்கு உள்ளே இருக்கும் எந்திரத்தைக் கேனான் கம்பெனிதான் செய்து கொடுத்தது. அதனால் 1020-க்குப் போடும் 12ஏ டோனரையும் 2900-க்குப் போடும் 303 டோனரையும் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் பாஷை வேறு வேறு. எச்.பி.யின் டிரைவரை வைத்துக் கேனானிடம் ஒரு எழுத்துக்கூட வாங்க முடியாது.

இந்த மலிவு லேசர் பிரிண்டர்களிடம் இன்னொரு விசேஷம் உண்டு. இவற்றுக்குச் சொந்த மூளை குறைவு. விலையைக் குறைப்பதற்காக, பக்கத்தை வரைந்து தயார் செய்யும் வேலை முழுவதையும் கம்ப்யூட்டரின் தலையில் கட்டிவிட்டார்கள். 1020-இன் நிலைமை இன்னும் வேடிக்கை. கரண்டை நிறுத்திப் போட்டால் படித்த பாடத்தையே மறந்துவிடும். ஒவ்வொரு தடவையும் டிரைவர்தான் அதற்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக் கொடுத்து எழுப்ப வேண்டும். பச்சை விளக்கு எரிகிறதே, பிறகு ஏன் அச்சாகவில்லை என்று குழம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. விளக்கு எரிவது கரண்ட் இருப்பதற்கு அடையாளம். பேச்சு நடப்பதற்கு அல்ல.

முதலில் கேபிள் அல்ல

பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் கேபிளை மாட்டுவதுதான். பல பிரிண்டர்களில் அதுதான் முதல் தவறு.

கம்பெனியின் டிரைவர் உள்ளே போவதற்கு முன் கேபிள் மாட்டப்பட்டால், கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு பொது டிரைவரைப் போட்டுப் பார்க்கும். சில சமயம் அது பொருந்திவிடும், காரியம் முடிந்துவிடும். பொருந்தாவிட்டால், "இன்னதென்று தெரியாத சாதனம்" என்று ஒரு சீட்டு எழுதி மாட்டிவிடும். பிறகு சரியான டிரைவரை ஏற்றினாலும், பழைய சீட்டைக் காட்டி அது உள்ளே விடாது. பாதி ஏறியதும் பாதி ஏறாததுமாக நின்றுபோகும். "பிரிண்டரை இணைக்கவும்" என்ற வரியிலேயே மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

சரியான வரிசை இது: கம்பெனியின் மென்பொருளை முதலில் ஓடவிட வேண்டும். அது நடுவழியில் நின்று "இப்போது கேபிளை மாட்டு, பிரிண்டரை ஆன் செய்" என்று தானே கேட்கும். அப்போதுதான் மாட்ட வேண்டும். கேனான் 2900 இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு.

மென்பொருளை எங்கே எடுப்பது என்பதில் இன்னொரு சிக்கல். பெட்டியோடு வரும் சி.டி.யைப் போட இப்போதைய லேப்டாப்களில் இடமே கிடையாது. எனவே கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போனதும் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, மாடல் நம்பர். ஒரு எண்ணோ, வால் எழுத்தோ மாறினால் டிரைவரும் மாறிவிடக்கூடும். பிரிண்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து எழுதிக்கொள்வது உத்தமம். இரண்டாவது, கம்ப்யூட்டர் 32 பிட்டா, 64 பிட்டா என்பது. "செட்டிங்ஸ்" போய் "சிஸ்டம்", அதில் "அபவுட்" என்ற இடத்தில் இது எழுதியிருக்கும். விண்டோஸ் 11 என்றால் சந்தேகமே வேண்டாம், அது 64 பிட்தான். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட லேப்டாப் என்றால் மட்டும் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும். அதற்கு டிரைவர் தனி ரகம். பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு அது எழுதப்படவே இல்லை.

இறக்கிய மென்பொருள் சில சமயம் "ஜிப்" என்ற மூட்டையாக வரும். மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே இருக்கும் "செட்டப்" மீது இரண்டு தட்டு தட்டுகிறவர்கள் ஏராளம். அது ஓடுவதுபோல் பாவனை செய்துவிட்டுப் பாதியில் விழுந்துவிடும். மூட்டையை ஒரு தனி ஃபோல்டரில் முழுவதும் பிரித்துப் போட்டுவிட்டு, அங்கிருந்து ஓடவிட வேண்டும்.

பழைய சீட்டைக் கிழிப்பது

ஏற்கெனவே நாலைந்து தடவை முயன்று, எல்லாம் குழம்பிக் கிடந்தால் என்ன செய்வது? மேலும் மேலும் அதையே செய்வதில் பயனில்லை. முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

கேபிளைக் கழற்ற வேண்டும். "செட்டிங்ஸ்" உள்ளே "பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்" என்ற பகுதிக்குப் போய், அந்தப் பிரிண்டரின் பெயர் இருந்தால் நீக்க வேண்டும். ஒரே பிரிண்டர் "காப்பி 1", "காப்பி 2" என்று குட்டி போட்டிருந்தால் அவற்றையும் நீக்க வேண்டும். இத்தோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பெயரை நீக்கினால் ஆள் போய்விட்டதாக அர்த்தமில்லை. டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதே பக்கத்தில் "பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்" என்று ஒரு வாசல் இருக்கிறது. அதைத் திறந்து "டிரைவர்ஸ்" என்ற தாளைப் பார்த்தால், பழைய டிரைவர் அங்கே பட்டியலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்து, டிரைவரையும் அதன் மூட்டையையும் சேர்த்தே நீக்கும்படி சொல்ல வேண்டும்.

"உபயோகத்தில் இருக்கிறது, நீக்க முடியாது" என்று அது எதிர்த்துப் பேசலாம். அப்போது ஸ்பூலர் என்பவரைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பூல் என்றால் நூல் கண்டு. பரேல் பக்கம் மில்களில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கம்ப்யூட்டரில் ஸ்பூலர் என்பது அச்சுக்கு வரும் வேலைகளை வரிசையாகச் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்கு விடுகிற சேவை. ஒரு வேலை நடுவில் சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் நின்றுபோகும். புதுப் பிரிண்டர் சேர்ப்பதற்கும் இதே ஸ்பூலர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுபோயிருந்தால் எந்தப் பிரிண்டரும் ஏறாது; டிரைவர் எத்தனை நல்லதாக இருந்தாலும் சரி.

ஸ்டார்ட் பட்டனை அமுக்கி "சர்வீசஸ்" என்று தேடினால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் "பிரிண்ட் ஸ்பூலர்" என்பதை ஒருமுறை நிறுத்த வேண்டும். பிறகு "சி" டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம் 32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போய், உள்ளே தேங்கிக் கிடக்கும் ஃபைல்களை மட்டும் அழிக்க வேண்டும். ஃபோல்டரை அழிக்கக் கூடாது. அக்கம் பக்கத்தில் எதையும் தொடவும் கூடாது. பிறகு ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டு, கையோடு டிரைவரை நீக்க வேண்டும். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டால் பழைய வாசனை போய்விடும். அதன்பின் முதலிலிருந்து சரியான வரிசையில் தொடங்கினால் முக்கால்வாசி கேஸ்கள் முடிந்தன என்று சொல்லலாம்.

தப்பான வாசல்

இன்னொரு ரகம் உண்டு. டிரைவர் ஏறிவிடும். பிரிண்டரின் பெயரும் வந்துவிடும். "ரெடி" என்றும் எழுதியிருக்கும். ஆனால் அச்சு கொடுத்தால் சத்தமே இருக்காது. இதுதான் மனிதரைப் பைத்தியமாக அடிக்கிற ரகம்.

இங்கே பெரும்பாலும் தப்பு, வாசலில். டிரைவரைக் கையால் ஏற்றும்போது, கம்ப்யூட்டர் தானாக "எல்.பி.டி. 1" என்ற வாசலைப் போட்டுவிடுவது வழக்கம். அது அகலமான பழைய கேபிள் இருந்த காலத்து வாசல். இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது. ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் யார் வந்து திறப்பார்கள்? பிரிண்டரின் "பிராப்பர்ட்டீஸ்" போய், "போர்ட்ஸ்" என்ற தாளில் "யு.எஸ்.பி. 001" என்பதற்கு எதிரே டிக் அடித்தால் போதும். ஒன்றுக்கு மேற்பட்ட யு.எஸ்.பி. வாசல்கள் தெரிந்தால் 002, 003 என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வேறு துளையில் கேபிளை மாற்றி மாட்டினால் நம்பரும் மாறக்கூடும். எனவே ஒரே துளையில் மாட்டும் பழக்கம் நல்லது.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான யு.எஸ்.பி. கேபிள் நம்பத் தக்கதல்ல. எக்ஸ்டென்ஷன் போட்டு, பல துளை டப்பா ஒன்றைப் போட்டு, அதில் பிரிண்டரை மாட்டுவதும் வேண்டாம். கம்ப்யூட்டரின் உடம்பிலேயே நேரடியாக மாட்ட வேண்டும். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத் துளையைவிடப் பின்பக்கத் துளை உசிதம். கேபிளைச் செருகியதும் "டிங்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். அதுவே வராவிட்டால் டிரைவரைப் பற்றி யோசிப்பது வீண். கேபிளையும் துளையையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஸ்கேன் வசதியும் உள்ள பிரிண்டர் என்றால் ஒரு சுலபப் பரீட்சை இருக்கிறது. கம்ப்யூட்டரே இல்லாமல், கண்ணாடி மேல் ரேஷன் கார்டை வைத்து நகல் எடுக்க வேண்டும். நகல் வந்தால் எந்திரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதை யாரும் பழுது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போக விடக்கூடாது.

கேபிள் இல்லாதவர்கள்

வைஃபை பிரிண்டரில் டிரைவர் தொல்லை குறைவு. முகவரித் தொல்லை அதிகம். பிரிண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. மலிவு விலைப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். வீட்டு ரூட்டரோ, போனின் ஹாட்ஸ்பாட்டோ 5 கிகாஹெர்ட்ஸில் வைக்கப்பட்டிருந்தால் பிரிண்டரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பாஸ்வேர்டைப் பத்துத் தடவை மாற்றிப் போட்டாலும் பயனில்லை. போனில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் அலைவரிசையை 2.4 ஆக்கினால் உடனே தெரியும். ஒரே அறையில் நாலு பேர் தங்கி, ஒருவர் போனிலிருந்து எல்லோரும் இணையம் எடுக்கிற இடங்களில் இது அடிக்கடி நேருகிறது.

ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வருகிறவர்களுக்கு வேறு கதை. கம்பெனியின் வி.பி.என். ஓடும்போது வீட்டுப் பிரிண்டரை அது கண்டுகொள்ளாது. அதை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். டிரைவர் ஏற்ற "நிர்வாகி" அனுமதி கேட்டால், அங்கே நம்மவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத்தான் எழுத வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2021-ல் விண்டோஸின் ஸ்பூலரில் பெரிய ஓட்டை ஒன்று அம்பலமானது. "பிரிண்ட் நைட்மேர்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிரிண்டர் டிரைவர் என்ற வேஷத்தில் திருடன் உள்ளே நுழைய வழி இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், நெட்வொர்க் வழியாக டிரைவர் ஏற்றவும் நிர்வாகி அனுமதி கட்டாயம் என்று மாற்றியது. அதுவரை சும்மா ஏறிக்கொண்டிருந்த ஆபீஸ் பிரிண்டர்கள் பல, ஒரே இரவில் அனுமதிச் சீட்டு கேட்கத் தொடங்கியது அதனால்தான்.

புதிய விண்டோஸ் 11-ல் "விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்" என்றும் ஒன்று வந்திருக்கிறது. அது தானாக ஓடாது. யாராவது ஆர்வக்கோளாறில் அதை ஆன் செய்துவிட்டால், கம்பெனி டிரைவரோடு ஓடும் பழைய பிரிண்டர்கள் எல்லாம் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். 1020-ம் 2900-ம் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

டிரைவர் அநாதையானால்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. புது லேப்டாப் வாங்கியவர்கள், பழைய பிரிண்டர் இதில் ஓடாது என்று கடையில் சொன்னதைக் கேட்டுக் கவலைப்படுகிறார்கள். அப்படியே நம்ப வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கென்று வெளியான 64 பிட் டிரைவர் பெரும்பாலும் 11-லும் வேலை செய்கிறது. "11" என்று எழுதியிருக்கவில்லையே என்று பின்வாங்காமல் போட்டுப் பார்க்கலாம். தானாக ஏற மறுத்தால், "ஆட் பிரிண்டர்" என்பதில் கையால் சேர்க்கும் வழி இருக்கிறது. அதில் "ஹேவ் டிஸ்க்" என்ற பட்டனை அமுக்கி, மூட்டையைப் பிரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டினால் டிரைவரை அது எடுத்துக்கொள்ளும். வாசலை மட்டும் யு.எஸ்.பி. 001 என்று மறக்காமல் குறிக்க வேண்டும்.

மூன்றாம் கம்பெனிகளின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக 2023 செப்டம்பரிலேயே மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. கம்பெனிகள் தங்கள் தளத்தில் வைத்திருக்கும் டிரைவர்களுக்கு அதனால் தடையில்லை. ஆனாலும், வேலை செய்கிற டிரைவர் கையில் கிடைத்தால் அதை ஒரு பென் டிரைவில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிரிண்டர் இருக்கும்வரை தளத்திலும் டிரைவர் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

டிரைவரின் ரகசியம் கம்பெனியின் கையில் மட்டும் இருப்பதால் வரும் தொல்லை புதிதல்ல. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை இனாமாகக் கொடுத்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலர், முன்பிருந்த பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தவர். புதியதையும் அப்படித் திருத்த நினைத்தார். மூல நிரலைக் கேட்டுக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் போனபோது, யாருக்கும் தருவதில்லை என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்தக் கோபம் ஸ்டால்மனை விடவில்லை. 1983-ல் அவர் அறிவித்த "க்னூ" திட்டத்திலிருந்துதான் கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்தது. லினக்ஸ் என்று இன்று சொல்லப்படுவதில் பெரும் பங்கு அந்த வழியில் வந்தது. எச்.பி.யின் பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு லினக்ஸில் டிரைவர் கிடைக்கிறது. வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸைப் போட்டு, அதை அச்சு வேலைக்கென்றே ஒதுக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல வழி.

போன் போடும் முன்

இனி அந்த மூன்றாவது நஷ்டம். பிரிண்டர் ஏறவில்லை என்றதும் பலர் "பிரிண்டர் கஸ்டமர் கேர் நம்பர்" என்று இணையத்தில் தேடுகிறார்கள். மோசடிக்காரர்கள் வலை விரித்துக் காத்திருக்கும் இடம் அதுதான். கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே போட்டு, முகவரியில் மட்டும் ஒரு எழுத்தை மாற்றிப் போலித் தளங்கள் நடத்துகிறார்கள். "டிரைவர் இறக்குங்கள்" என்ற பட்டனை அமுக்கினால், வேண்டுமென்றே பாதியில் ஒரு "எர்ரர்" காட்டி, இந்த நம்பருக்கு அழையுங்கள் என்று சொல்லும் தளங்களும் உண்டு.

அழைத்தால் மறுமுனையில் தேனாகப் பேசுவார்கள். எனிடெஸ்க் போன்ற ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள். போட்டதும் இவருடைய திரை முழுவதும் அவர்கள் கண்முன்னே! பிறகு "கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அல்லது "பத்து ரூபாய் மட்டும் பதிவுக் கட்டணம்" என்று சொல்லி, அதைச் செலுத்தும்போது பாங்கி விவரங்களைப் பறித்துக்கொள்வார்கள். அந்தச் செயலி தன்னளவில் யோக்கியமானதுதான். ஆனால் அதை வைத்து யு.பி.ஐ. பணம் பறிக்கப்படுவதாக 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி பாங்கிகளை எச்சரித்தது.

டிரைவர் என்பது பிரிண்டர் கம்பெனிகள் இலவசமாகக் கொடுப்பது. அதற்குக் காசு கேட்டாலே ஆசாமி போலி என்று முடிவு கட்டிவிடலாம். உதவி எண் வேண்டுமானால் பெட்டியிலோ, உள்ளே இருக்கும் வாரண்டி அட்டையிலோ அச்சிட்டிருக்கும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் விளம்பரத்தில் அல்ல.

ஏமாந்துபோனவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவதுதான் மோசடிக்காரனுக்கு லாபம். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவான சைபர் குற்ற உதவி எண் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. பாங்கிக்கும் உடனே சொல்லி அட்டையை நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, அந்தச் செயலியை நீக்க வேண்டும்.

கட்டம் கட்டமாக வந்தால்

எல்லாம் முடிந்து, "டெஸ்ட் பேஜ்" அழகாக வந்துவிட்டது. பிறகு ஊருக்கு அனுப்பத் தமிழில் டைப் செய்த கடிதத்தைக் கொடுத்தால், எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகவோ, கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகவோ வருகிறது. மறுபடி பிரிண்டரைத் திட்ட வேண்டாம். டிரைவரையும் நீக்க வேண்டாம். இது எழுத்துரு சம்பந்தப்பட்டது. அந்தக் கடிதத்தை டைப் செய்த கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்துரு இங்கே இல்லை என்பதே பொருள். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த ஃபைல் என்றால், அதே எழுத்துருவை இங்கும் போட்டாக வேண்டும்.

திரையில் சரியாகத் தெரிந்து, காகிதத்தில் மட்டும் குழம்பினால் அதற்குச் சுலபமான வழி இருக்கிறது. கடிதத்தை பி.டி.எஃப். ஆக்கிக்கொண்டு, அடோபி ரீடரில் அச்சு கொடுக்கும்போது "அட்வான்ஸ்டு" என்பதைத் திறந்து, "பிரிண்ட் ஆஸ் இமேஜ்" என்பதற்கு டிக் அடிக்க வேண்டும். பக்கம் முழுவதும் படமாகப் போவதால் எழுத்து சிதறாது. மலிவுப் பிரிண்டரில் ஒரு பக்கத்துக்குச் சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.